அண்டாவுக்கு யார் பொறுப்பு?

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமில், சமைக்க வரும் அக்காவைத் தவிர, கூலிக்கு வேலை பார்ப்பவர் ஒருவரும் கிடையாது. ஐம்பது மாணவிகள், ஒரு திட்ட அலுவலர், துணைக்கு இன்னொரு ஆசிரியை. படுக்கை, ஊராட்சிப் பள்ளியின் வகுப்பறைத் தரை. பாத்திரம் கழுவுவது முதல் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது வரை அத்தனையையும் அந்த ஐம்பது பேரே பங்கிட்டுப் பார்க்க வேண்டும். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே திட்ட அலுவலராகவும் இருந்தவள் நான். எந்த ஊரில் எத்தனை மரம் நட்டோம், எத்தனை அடி வரத்துக்கால் தூர் வாரினோம் என்பதெல்லாம் அறிக்கைகளில் ஏறியிருக்கிறது. அண்டாவுக்கு யார் பொறுப்பு, இரவுக் காவலுக்கு யார், அந்த வேலையை அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. முகாமின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கிராமத்தில் தங்கி வேலை செய்யப் பெண்களைப் பழக்குவது எங்கள் பக்கத்தில் கல்லூரிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கஸ்தூரிபா 1944-இல் காலமான பிறகு அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. கிராமப் பெண்களுக்காகக் கிராமத்திலேயே வாழும் சேவிகைகளை உருவாக்குவது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் அந்தப் பணி டாக்டர் சௌந்தரத்திடம் வந்தது. மதுரை டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, பிறகு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணந்தவர். 1947-இல் இருவரும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளபட்டி இருக்கும் திண்டுக்கல் பகுதி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-இல்தான் தனி மாவட்டமானது. அங்கே இரண்டு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையையும் சேவிகைப் பயிற்சியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்க, குழந்தைகளைக் கவனிக்க, ஒரு கூட்டத்தைக் கூட்டிப் பேச, கணக்கு எழுத என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. அந்த வேலைகளைப் படிக்க வந்தவர்கள் விடுதியிலேயே தங்கினார்கள். தங்கிய இடத்தைத் தாங்களே பெருக்கினார்கள்.

1962-இல் சௌந்தரம் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனார். மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். மாணவர்களைத் தேசப் பணிக்கு எப்படி அழைப்பது என்ற யோசனை டெல்லியில் முதிர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. யோசனை புதிது அல்ல. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு அதைச் சொல்லியிருந்தது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, பள்ளிப் படிப்பு முடித்துக் கல்லூரியில் சேரவிருக்கும் எல்லாரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி செய்ய வேண்டும் என்றது. அதற்கான செலவையும் நடைமுறைச் சிக்கலையும் நினைத்து அரசு பின்வாங்கியது. கோத்தாரி குழுவும் 1966-இல் மாணவர் பணியை வலியுறுத்தியது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் கல்லூரியில் முகாம் என்றால் என்.சி.சி. முகாம்தான். 1948 சட்டத்தின்படி அமைந்த தேசிய மாணவர் படை, சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கட்டாயமாக்கப்பட்டது. 1968-இல் அந்தக் கட்டாயம் போனது. அந்த முகாமுக்கு ஒரு கமாண்டன்ட் உண்டு. அவருக்குக் கீழே அட்ஜுடன்ட், அரிசி பருப்பையும் போர்வையையும் எண்ணிக் கொடுக்கக் குவார்ட்டர் மாஸ்டர், அணிவகுப்பு கற்பிக்க ராணுவத்திலிருந்து வந்த ஹவில்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே பயின்ற ஆள் இருந்தார். மாணவன் போய் வரிசையில் நின்றால் போதும்.

நலப்பணித் திட்டம் வந்தபோது அந்த ஆட்கள் யாரும் கூட வரவில்லை. நூறு பேர் கொண்ட ஓர் அலகுக்கு ஒரு விரிவுரையாளர் என்பதோடு அரசின் ஏற்பாடு முடிந்தது. கமாண்டன்ட்டும் குவார்ட்டர் மாஸ்டரும் பார்த்த வேலைகள் மட்டும் அப்படியே இருந்தன. அவை மாணவிகளின் தலையில் விழுந்தன. இதைக் குறையாக நான் நினைத்ததே இல்லை. இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

அந்த வேலைகளைப் பங்கிட ஒரு முறை வேண்டும் அல்லவா? அது சாரணர் இயக்கத்திலிருந்து வந்தது. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பையன்களை அழைத்துப்போய் முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்த கூட்டம். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரிய பையன் ஒருவனைத் தலைவனாக்கினார். பெரியவர்கள் கட்டளையிடுவதை விட்டுவிட்டு அணித் தலைவனிடம் பொறுப்பைக் கொடுத்ததுதான் அந்தத் தீவில் நடந்த புதுமை. அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய இந்தியச் சாரணர் இயக்கமும் பிற அமைப்புகளும் கலந்து 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாயின. பள்ளியில் சாரணியராக இருந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் அலகில் சிலராவது இருப்பார்கள். கயிற்றில் முடிச்சுப் போடத் தெரிந்த கை, பத்துப் பேரை வேலைக்குப் பிரித்து அனுப்பவும் தெரிந்த கையாக இருக்கும்.

எங்களிடமும் பத்துப் பத்துப் பேராக ஐந்து அணிகள். வைகை, காவிரி, பொருநை, பாலாறு, குண்டாறு. ஐந்து பொறுப்புகள்: சமையல், தண்ணீரும் துப்புரவும், கருவிகள், ஊர்த் தொடர்பு, மாலை நிகழ்ச்சி. காலை உடலுழைப்புக்கு எல்லாரும் போக வேண்டும். அதற்கு மேல் அணிக்கு ஒரு பொறுப்பு. அப்போது முகாம் பத்து நாள். ஆகவே ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு பொறுப்பையும் இரண்டு நாள் பார்த்தது. முதல் நாள் தடுமாறும். மறுநாள் அதே வேலையைத் திருந்தச் செய்யும். அந்த இரண்டாவது நாள்தான் பயிற்சி.

சமையல் அணியைச் சற்று அருகில் இருந்து காட்டுகிறேன். எங்களுக்குச் சமைக்க வந்த அக்கா கல்யாண வீடுகளில் கை வைத்தவர். முகாம் தொடங்கும்போதே என்னிடம் சொன்னார்: "டீச்சரம்மா, மொத நா சோறு மிஞ்சும். ரெண்டாம் நா பத்தாது. மூணாம் நாதான் வயிறு கணக்குக்கு வரும்." அப்படியேதான் நடந்தது. முதல் நாள் பிள்ளைகள் வீட்டை நினைத்துக்கொண்டு கொறிப்பார்கள். மறுநாள் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்து ஆளுக்கு இரண்டு பங்கு கேட்பார்கள். ஒரு நேரச் சோற்றுக்கு ஏழரைக் கிலோ அரிசி என்று நாங்கள் பேப்பரில் போட்டிருந்தோம். அக்கா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. காலையில் என்ன வேலை, வெயில் எப்படி, முந்தின நாள் எவ்வளவு மிஞ்சியது என்ற மூன்றையும் அணித் தலைவியிடம் கேட்டார். "நீயே சொல்லு தாயி, எத்தன படி போடலாம்?" என்று முடிவை அவளிடமே விட்டார். அந்தப் பிள்ளை பொருளாதாரம் படித்தவள். இருப்புப் பதிவேட்டில் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், விறகு என்று நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் எடுத்ததையும் மிஞ்சியதையும் எழுத ஆரம்பித்தாள். அண்டாவும் சருவச்சட்டியும் ஊரில் வாடகைக்கு எடுத்தவை. கரண்டி உட்பட எண்ணி வாங்கி, தினம் இரவு எண்ணிப் பார்த்து, பொறுப்பு மாறும்போது அடுத்த அணித் தலைவியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் கை மாறிய ஒரு கரண்டிகூட எங்கள் முகாமில் இல்லை.

பெண்பிள்ளைகளை இரவு வெளியூரில் தங்க வைப்பது என்பது தனி வேலை. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவோம். வாங்கிய பிறகும் இரண்டாம் நாளே டவுன் பஸ் ஏறி வந்து பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று பார்க்கும் அப்பாக்கள் உண்டு. அவர்களை நான் தடுத்ததில்லை. வகுப்பறையைக் காட்டி, சாப்பிட வைத்து, கடைசி பஸ்ஸுக்கு அனுப்புவோம். பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறை இல்லாத காலம் அது. தண்ணீர் அணியின் முதல் வேலை, மறைவான இடத்தில் குழி வெட்டிக் கீற்றுத் தட்டி கட்டுவது. இரண்டாவது வேலை, குளிக்கப் பம்புசெட்டு பேசுவது. தோட்டத்துக்காரரிடம் பேசினால் மட்டும் போதாது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வரும் என்று தெரிய வேண்டும். அதைச் சரியாகச் சொல்பவர் அவர் வீட்டம்மாதான். விடியுமுன் மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் மூன்று மணிக்கு எழுந்து போவார்கள். மாதவிலக்கான பிள்ளைகளுக்கு வேண்டிய துணியும் மாத்திரையும் முதலுதவிப் பெட்டியில் தனியாக இருக்கும். பெட்டிச் சாவி அந்த அணித் தலைவியிடம் இருக்கும். எந்தப் பிள்ளையும் என்னிடம் வந்து கேட்டுக் கூச வேண்டியதில்லை என்பதற்காகவே சாவியை நான் வைத்துக்கொள்வதில்லை.

இரவுக் காவல் எல்லா அணிக்கும் பொது. இரண்டு இரண்டு பேராக இரண்டு மணி நேரம். டார்ச், விசில், ஒரு நோட்டு. ஊரிலிருந்து வயதான பெண்கள் சிலர் தாங்களாகவே பாயோடு வந்து பள்ளித் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வார்கள். "பொம்பளப் பிள்ளைகள விட்டுட்டு எங்களுக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்ட அப்பத்தாவை எங்கள் முகாமின் பணியாளர் பட்டியலில் சேர்க்காமல் இந்த வரலாறு முழுமை ஆகாது.

ஊர்த் தொடர்பு அணியின் வேலை எல்லாவற்றிலும் கடினம். எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஊரும் தெருத்தெருவாகச் சாதியால் பிரிந்து கிடக்கிறது. முகாம் நடத்த அழைப்பவர்கள் ஊரின் பெரிய தெருக்காரர்கள். அவர்கள் காட்டும் வேலை அவர்கள் தெரு வேலையாகவே இருக்கும். கணக்கெடுப்புத் தாளைத் தூக்கிக்கொண்டு காலனி வீடுகளுக்கும் போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வர வேண்டும் என்பது அணிக்கு நான் சொன்ன ஒரே விதி. மாலை நிகழ்ச்சி எல்லாரும் வந்து உட்காரக்கூடிய பள்ளி மைதானத்தில் மட்டும்தான் நடக்கும். கோயில் வாசலில் நடத்தச் சொன்னால் மறுத்துவிடுவோம். ஒரு முறை இதற்காக எங்களுக்குப் பாத்திரம் தர மறுத்தார்கள். அடுத்த ஊரிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பத்தொன்பது வயதுப் பெண், ஒரு பெரியவரிடம் குரல் உயர்த்தாமல், ஆனால் பின்வாங்காமல் பேசிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறையில் எந்தப் பாடத்தாலும் அதை என்னால் கற்பிக்க முடிந்திருக்காது.

உடலுழைப்பில் எங்களுக்கு ஆசிரியர், மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயின் பழைய நீர்பாய்ச்சி. கண்மாய் வேலை எப்போதுமே பொறுப்புப் பிரித்துச் செய்யப்பட்ட வேலைதான். மடை திறந்து மூடவும் வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடவும் நீர்பாய்ச்சி. அவருக்குக் களத்தில் நெல்லாகக் கூலி. மழைக்கு முன் கரை பார்க்கவும் தூர் எடுக்கவும் வீட்டுக்கு ஓர் ஆள். குடிமராமத்து என்ற இந்த ஊர்வழக்கத்தை ஆங்கில அரசு 1858-இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. சட்டத்தால் அது நிற்கவில்லை. ஊர் ஒத்துப்போன இடத்தில் நின்றது. நாங்கள் வரத்துக்காலில் மண் அள்ளுவதை அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாயி, அள்ளுற மண்ண கால்வாய்க்கு ஒட்டியே போடுறீக. ஒரு மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளதான் இறங்கும். கரைக்கு அந்தப் பக்கம் போடுங்க" என்றார். அன்றிலிருந்து கருவி அணித் தலைவி, சாந்துச்சட்டி கை மாற்றும் வரிசையைக் கரையின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் வரை நீட்டினாள். வேலை மெதுவானது, மண் மட்டும் திரும்பவில்லை. மறுநாள் வேலை தொடங்குமுன் பெரியவரைக் கேட்டுவிட்டுத்தான் கோடு போட்டார்கள்.

முகாமுக்குள் ஒரு நாள் கண் சிகிச்சை முகாமும் நடத்துவோம். மதுரை இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டிய ஊர். அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு, 1976-இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தொடக்கக் காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சையே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். நோயாளிகளும் மருத்துவர்களும் அங்கேயே தங்குவார்கள். பிறகு, பரிசோதனை மட்டும் ஊரில், அறுவை சிகிச்சை மதுரையில் என்று மாறியது. ஊரில் முகாமை ஏற்பாடு செய்பவர் ஒருவர், அவர் வேலை வேறு, மருத்துவமனைக் குழுவின் வேலை வேறு என்று கோடு தெளிவாக இருந்தது. குழுவோடு வரும் பெண்கள் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். பள்ளி முடித்து அந்த மருத்துவமனையிலேயே இரண்டாண்டு பயின்றவர்கள். ஒரு பெண் பார்வை அளவு மட்டும் பார்ப்பாள், ஒருத்தி கண் அழுத்தம் மட்டும், ஒருத்தி நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசிப் பயம் போக்குவாள். என் மாணவிகள் பதிவு மேசையிலும் வரிசையிலும் உதவிக்கு நின்றார்கள். தங்கள் வயதே ஆன அந்தப் பெண்கள், கை தயங்காமல் நாள் முழுக்க வேலை பார்ப்பதை அவர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

அன்று இரவு கூட்டத்தில் ஒரு வாதம் எழுந்தது. அவர்களைப் போல நாமும் ஒருவருக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொண்டால் வேலை சுத்தமாக நடக்குமே என்றாள் ஒருத்தி. நல்ல கேள்வி. மருத்துவமனையில் அது சரி. அங்கே தவறினால் ஒருவர் பார்வை போகும். எங்கள் முகாமின் பயன் வேறு. சமையலறைக் கணக்கு எழுதியவள் நாளை ஊர்ப் பெரியவரிடம் பேச வேண்டும், பாட்டுப் பாடியவள் கழிப்பறைக் குழி வெட்ட வேண்டும். அதனால் சுழற்சியை மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம்: ஒரு வேலையை ஏற்குமுன், அதைப் பார்த்தவர் பக்கத்தில் அரை நாள் நின்று பார்ப்பது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் வந்தபோது வீதி நாடகமும் பாட்டும் எங்கள் மாலை நிகழ்ச்சி அணியிடம் புதிதாக வந்து சேர்ந்தன. அங்கும் தொண்டரைப் பயிற்றியவர், அதற்கு முன் தானும் பயிற்சி பெற்றவராகவே இருந்தார்.

அப்படிப் பக்கத்தில் நின்று பழகும் பயிற்சி கிடைக்காமல் போனது திட்ட அலுவலருக்குத்தான். அலுவலர்களுக்கென்று பயிற்சி மையங்கள் உண்டு. அறிமுகப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும் என்பது விதி. திட்டத்தின் நோக்கம், பதிவேடுகள், மானியம் செலவழிக்கும் முறை, அறிக்கை எழுதுவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். நல்ல பேச்சாளர்கள் வருவார்கள். முகாமில் நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் யாரை எழுப்புவது, யார் கூடப் போவது, மீதி நாற்பத்தொன்பது பேரை யார் பார்ப்பது என்பதை உரை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பதவிக் காலமோ மூன்றாண்டு. கூடினால் இன்னும் ஓராண்டு. முதல் முகாமில் ஊரைப் புரிந்துகொண்டு, இரண்டாவதில் கை பழகி, மூன்றாவதை நன்றாக நடத்தி முடிக்கும்போது இடத்தைக் காலி செய்ய வேண்டும். பொறுப்பு எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த வரம்பு அது. வாங்கிய அனுபவம் அடுத்தவருக்குப் போக வழி வைக்காமல் வைத்த வரம்பும்கூட.

முகாமின் நாள்களும் பத்திலிருந்து ஏழாகக் குறைந்தன. தேர்வு, பருவ முறை, செலவு என்று காரணங்கள் உண்டு. அவை பொய்யும் அல்ல. ஏழு நாளை ஐந்து பொறுப்புக்குப் பங்கிட்டால் பொறுப்புக்கு ஒன்றரை நாள்கூட வராது. தடுமாறும் முதல் நாள் மட்டும் இருக்கிறது, திருந்தும் இரண்டாம் நாள் இல்லை. சில கல்லூரிகளில் சுழற்சியையே விட்டுவிட்டார்கள். சமையல் கேட்டரிங் ஆளுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தட்டைக் கையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஏழு நாளுக்குள்ளும் செய்ய வழி உண்டு. பொறுப்பை ஐந்திலிருந்து மூன்றாகச் சுருக்கலாம். இல்லையென்றால் கிராமத்துக்குப் போகுமுன் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சனி, ஞாயிறு தங்கி, அடுப்பு மூட்டி, அரிசி அளந்து, காவல் மாற்றிப் பழகலாம். அந்த ஓர் இரவுக்குச் செலவு மிகக் குறைவு.

புதிய அலுவலரை நியமிக்கும் கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். நியமன ஆணையை ஓர் ஆண்டு முன்பே கொடுங்கள். அந்த ஆண்டு முகாமுக்கு அவரைத் துணை ஆசிரியையாக அனுப்புங்கள். பழைய அலுவலர் கிளம்பும்போது பதிவேடுகளோடு, ஊரில் யார் வீட்டில் அண்டா கிடைக்கும், எந்தத் தோட்டத்தில் எப்போது கரண்ட் வரும், எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று எழுதிய நோட்டையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கட்டும்.